திருத்தி உடுப்போம்

(அச்சுவேலியில் மாதர் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாவித்த உடுப்பை வீட்டிலேயே திருத்தி, மாற்றித் தைத்து, மறுபடி உடுப்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். தையல் பழக்குவதையே தொழிலாகக் கொண்டவள் என்ற முறையில் இந்த அழைப்பை மனமுவந்து ஏற்றேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கைவேலையை யாழ்ப்பாணத்துக்கு வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து தர வேண்டியதில்லை. தட்டுப்பாட்டிலும் போரிலும் எங்கள் வீடுகள் அதை நன்றாகக் கற்றன. ஆனால் கஷ்டகாலத்தில் கற்றதாலோ என்னவோ, கஷ்டம் நீங்கியதும் அதைக் கைவிடுவதே கௌரவம் என்று நினைத்துவிட்டோம். அந்த எண்ணம் பிழை. துணி கிடைக்காத காலத்தில் எங்கள் மானத்தைக் காத்த வேலை, துணி குவிந்து கிடக்கும் இந்தக் காலத்திலும் எங்களுக்கு வேண்டும். இதற்கான நியாயத்தைத்தான் இன்று எடுத்துச் சொல்லப்போகிறேன். இடையில் வேலையையும் கொஞ்சம் காட்டுகிறேன்.

தைக்கத் தெரிந்த மண்

எங்கள் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடப் படி ஏறத் தொடங்கிய காலத்திலேயே ஊசியும் நூலும் பாடத்தில் சேர்ந்துவிட்டன. 1824 இல் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் தொடங்கிய மகளிர் பாடசாலையில் எழுத்து வாசிப்போடு தையலும் பழக்கினார்கள். சிங்கர் தையல் மெசின் நிறுவனம் 1877 இல் கொழும்பில் கால்வைத்தது. பிறகு மெல்ல மெல்ல அந்தக் கறுப்பு மெசின் கிராமத்து விறாந்தைகளுக்கும் வந்து சேர்ந்தது. அதன் பின் இந்தியாவின் உஷா வந்தது. மகளுக்குக் கொடுத்தனுப்பும் பொருட்களோடு தையல் மெசினையும் ஏற்றிவிட்ட குடும்பங்கள் அச்சுவேலியிலும் ஆவரங்காலிலும் புத்தூரிலும் எத்தனையோ உண்டு. அவற்றில் பல மெசின்கள் இன்றும் ஓடும். எண்ணெய் விட்டுப் பட்டி மாற்றினால் போதும்.

1970 தொடக்கம் 1977 வரை நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. அந்த ஆண்டுகளை இங்கேயுள்ள தோட்டக்காரக் குடும்பங்கள் நன்றியோடு நினைவுகூரும். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை கிடைத்தது, செம்மண் காசாக மாறியது. அதே ஆண்டுகளில் துணிக்குத் தட்டுப்பாடு. கோதுமை மா வந்த வெள்ளைச் சாக்கைப் பிரித்து, எழுத்து மங்கும் மட்டும் அவித்துத் தோய்த்து, உள்ளுடுப்பும் தலையணை உறையும் தைத்தார்கள். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்தது. வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் வந்து எங்கள் தோட்டக்காரரை முறித்தன. அதே கதவால் மலிவுத் துணியும் வந்து நாடெங்கும் கைத்தறிகளை ஓயவைத்தது. தோட்டம் பட்ட அடியை இன்றும் கதைக்கிறோம். கைவேலை பட்ட அடியை யாரும் கதைப்பதில்லை.

அதன் பிறகு போர். 1990 யூனில் சண்டை மறுபடி மூண்டதும் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம் எல்லாவற்றுக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் படித்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தோம். காயப்போட்ட உடுப்பைப் பழ வாசத்துக்கு மாடு வந்து சப்பிவிடும் என்று பிள்ளைகளைக் காவலுக்கு நிறுத்தினோம். அப்படி மாடு சப்பிய சட்டையையும் எறிந்துவிடவில்லை, வெட்டித் தைத்தோம்.

அந்தக் காலத்தில் கால் மெசினின் அருமை தெரிந்தது. அதற்கு மின்சாரம் தேவையில்லை. பகல் வெளிச்சமும் இரண்டு காலும் போதும். பெரியவரின் வேட்டி நைந்தால் நல்ல பாகம் குழந்தைக்குச் சட்டையாகும். தமையனின் நீளக்காற்சட்டை முழங்காலில் பிய்ந்தால் தம்பிக்கு அரைக்காற்சட்டையாகும். மிஞ்சிய கால் துண்டு புத்தகப் பையாகும். பழைய சாரம் ஏணைச்சீலையாகும், பிறகு குழந்தைத் துணியாகும், கடைசியில் குசினியில் சட்டி இறக்கும் பிடிதுணியாகும். தெறியையும் கொழுக்கியையும் வெட்டி எடுத்து ஒரு ரின்னுக்குள் போட்டு வைப்போம். புது நூற்கட்டை கிடைக்காதபோது பழைய தையலைப் பிரித்து எடுத்த நூலால் பொத்தினோம். ஒரு துணிக்கு எத்தனை ஆயுள் உண்டு என்பதை அந்த ஆண்டுகள் எங்களுக்குப் படிப்பித்தன.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமமே ஒரே இரவில் எழும்பி நடந்தது.  சைக்கிளில் கட்டக்கூடியதுதான் சொத்து. திரும்பி வந்தவர்கள் கூரையில்லாத வீடுகளில் முதலில் தொங்கவிட்ட கதவும் யன்னலும் பழைய சேலைதான். 2006 ஓகஸ்ட்டில் குடாநாட்டுக்கு வரும் ஏ-9 பாதை மூடியபோது மறுபடியும் தட்டுப்பாடு வந்தது. மறுபடியும் பழைய துணி மெசினுக்கு வந்தது.

இதைவிடக் கனமான ஒன்றையும் சொல்லாமல் நான் கடந்து போக முடியாது. 2009 இன் முதல் மாதங்களில் வன்னியில், பதுங்குகுழியின் வாய்க்கு மண்மூட்டை வைக்கச் சாக்கு இல்லாதபோது, பெண்கள் தங்கள் சேலைகளை வெட்டிப் பைகளாகத் தைத்தார்கள். கைத்தையலில், ஷெல் விழும் நேரத்தில். பட்டுச் சேலையும் போனது, கூறைச்சேலையும் போனது. பட்டுக்குள் மண் நிரப்பி, பிள்ளைகளை அதற்குப் பின்னால் இருத்தினார்கள். பழந்துணியைத் தைப்பதைக் கேவலமாகப் பேசும் எவரும் அந்தத் தாய்மாரை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சமூகம் துணியில் தைத்த மிக உயர்ந்த தையல் அது.

இன்றைய அலுமாரி

இப்போது வீட்டுக்குள் வருவோம். தட்டுப்பாடு போய்விட்டது. இன்றைய பிரச்சினை நேர்மாறானது. எந்த வீட்டு அலுமாரியைத் திறந்தாலும் சேலை வழிகிறது. கலியாணத்துக்கு ஒன்று, சாமத்தியச் சடங்குக்கு ஒன்று, குடிபூரலுக்கு ஒன்று, எல்லாரும் ஒரே நிறத்தில் உடுக்க வேண்டும் என்பதற்காக ஒன்று. ஒருமுறை உடுத்து, படம் எடுத்து, மடித்து வைத்தது வைத்தபடி. இதற்குமேல் இலண்டனிலிருந்தும் பாரிசிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வருகிற பெட்டிகள். அங்குள்ள எங்கள் பிள்ளைகள் அன்போடு அனுப்புகிறார்கள், அந்த அன்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அளவு பொருந்தாத காற்சட்டை, பங்குனி வெயிலில் போடவே முடியாத கம்பளிச் சட்டை, குளிர் நாட்டு ஜக்கெட் எல்லாம் அடியில் போய்ப் பூஞ்சணம் பிடிக்கின்றன. சந்தையிலோ மலிவு விலையில் ஆயத்த ஆடைகள் தொங்குகின்றன. நாலுதரம் தோய்த்தால் தையல் விட்டுவிடும். தைக்கக் கொடுக்கும் கூலிக்குப் புதிதே வாங்கலாம் என்று சொல்லி வாங்கிவிடுகிறோம்.

பிறகு அந்தத் துணி எங்கே போகிறது? வளவின் பின்மூலையில் குப்பையோடு சேர்த்துக் கொளுத்துகிறோம். பருத்தி என்றால் சாம்பலாகும். ஆனால் இன்று உலகில் உற்பத்தியாகும் இழையில் பாதிக்கு மேல் பொலியெஸ்ரர். அது பெற்றோலிய எண்ணெயிலிருந்து பிறக்கிற பிளாஸ்ரிக். அதைக் கொளுத்தினால் வரும் புகையைக் குடிப்பது பக்கத்து வீட்டுக் குழந்தை. அதைப் புதைத்தால் உக்காது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் ஊறி நிற்கும் நிலத்தடி நீரை நம்பித்தான் குடிக்கிறோம், பயிர் செய்கிறோம். மேலே போடுவது கீழே இறங்கும் மண் இது. வளவுக்குள் எதைப் புதைக்கிறோம், எதைக் கொளுத்துகிறோம் என்பது வேறெந்த மாவட்டத்தை விடவும் எங்களுக்குக் கிணற்று விஷயம்.

நீர் என்றதும் ஒரு கணக்கையும் சொல்கிறேன். ஒரு பருத்தி ரீசேட்டுக்கு வேண்டிய பஞ்சை விளைவித்து, துணியாக்கி, சாயமிட்டு முடிக்க ஏறத்தாழ 2700 லீற்றர் தண்ணீர் செலவாகும் என்று மதிப்பிடுகிறார்கள். வெங்காயத்துக்கு இறைத்த கைகளுக்கு 2700 லீற்றர் என்றால் என்னவென்று விளங்கும். அவ்வளவு தண்ணீர் குடித்த துணியை ஒரு வருடத்தில் எரித்துவிடுகிறோம்.

உலகத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். மேற்கு நாடுகளில் கழித்த உடுப்புகள் பொதி பொதியாகக் கட்டப்பட்டு ஆபிரிக்காவுக்குப் போகின்றன. கானாவின் தலைநகர் அக்ராவில் கன்ரமான்ரோ என்றொரு சந்தை, பாவித்த உடுப்புக்கே பேர்போனது. அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் பொதியைப் பிரித்து, கிழிசலைத் தைத்து, அளவு மாற்றி, சாயம் போட்டு விற்கிறார்கள். 2025 சனவரியில் அந்தச் சந்தை தீயில் பெருமளவு அழிந்தது. அந்த மக்கள் மீண்டும் கட்டினார்கள். ஆனால் எவ்வளவு திறமை இருந்தும் வந்து குவிவதில் ஒரு பங்கு தைக்கவும் தேறாத கழிவு. அது அந்த நகரத்தின் கால்வாய்களையும் கடற்கரையையும் நிரப்புகிறது. திருத்துகிற கைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை அக்ரா காட்டுகிறது. குறைவாக வாங்குவதும் திருத்தித் தைப்பதும் சேர்ந்தே போக வேண்டும்.

எங்கள் நாடோ உலகத்துக்கே உடுப்புத் தைத்து அனுப்புகிற நாடு. இலங்கையின் கைத்தொழில் ஏற்றுமதியில் முதலிடம் ஆடைக்கு. போருக்குப் பின் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன. எங்கள் பிள்ளைகள் அங்கே நாள் முழுவதும் ஒரு கையையோ ஒரு பையையோ மட்டும் தைக்கிறார்கள். முழுச் சட்டையைத் தைக்கும் அறிவு அவர்களுக்கு அந்த வேலையில் கிடைப்பதில்லை. தாயின் கால் மெசினில்தான் அது இருந்தது. தாய்மார் அதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் அந்த அறிவு எங்கள் தலைமுறையோடு முடியும்.

2022 இல் என்ன நடந்தது என்று மறந்துவிட வேண்டாம். ரூபாய் விழுந்தது, செப்ரெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியது. பாடசாலைச் சப்பாத்தும் சீருடையும் வாங்க முடியாமல் பெற்றோர் தவித்தார்கள். அந்த வருடம் தைக்கத் தெரிந்த வீடும் தெரியாத வீடும் ஒரேமாதிரி இருக்கவில்லை. தெரிந்த வீட்டில் போன வருடச் சட்டையின் மடிப்பை அவிழ்த்து இரண்டு அங்குலம் இறக்கினார்கள்.

வேலையைக் கிட்ட நின்று பார்ப்போம்

இனி வேலை. இரண்டு வேலைகளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதலாவது, ஆண்களின் சேட் கொலர். ஒரு சேட்டின் மற்றெல்லாப் பாகமும் நன்றாக இருக்க, கொலர் மடிகிற இடம் மட்டும் கழுத்தும் தாடியும் உராய்ந்து நைந்து வெள்ளை நூல் தெரியும். உடனே அந்தச் சேட் தோட்டத்துக்குப் போடும் சேட்டாகிவிடும். ஆனால் கொலருக்கு இரண்டு பக்கம் உண்டு. நைந்தது மேல்பக்கம், கீழ்ப்பக்கம் உராயாமல் அப்படியே இருக்கும். ஆகவே கொலரைத் திருப்பிப் போடலாம்.

கொலர் இலையும் கழுத்தைச் சுற்றி நிற்கும் பட்டியும் வேறு வேறு துண்டுகள். முதலில் கொலரை இரண்டாக மடித்து நடுவில் ஒரு ஊசி குத்துங்கள். பட்டியின் நடுவிலும் ஒன்று. இந்த அடையாளத்தை விட்டால் திரும்பத் தைக்கும்போது ஒருபக்கம் நீண்டுவிடும். பிறகு இலையும் பட்டியும் சேரும் தையலை மட்டும் பிளேட் நுனியால் பிரியுங்கள். மூன்று நான்கு தையலுக்கு ஒன்றை அறுத்து மற்றப் பக்கத்து நூலை இழுத்தால் துணி கிழியாது. பட்டியைச் சேட்டிலிருந்து கழற்றவே கூடாது. தெறியும் தெறித்துளையும் அதில் இருப்பதால் அது தன் இடத்திலேயே நிற்கட்டும். கழன்ற இலையைத் தூசு தட்டி, நைந்த இடத்தின் பின்னால் சிறு துணி வைத்து நெருக்கமாக ஓட்டிப் பொத்துங்கள். பின் இலையைப் புரட்டி, நைந்த பக்கம் கீழே வரும்படி பட்டியின் இரண்டு மடிப்புக்கும் நடுவே சொருகுங்கள். நடு ஊசியை நடு ஊசியோடு சேர்த்து, இரு பக்கமும் கைத்தையலால் பிடித்து, பழைய தையல் துளைகளின் மேலேயே மெசின் ஓட்டுங்கள். அயன் பண்ணிப் பாருங்கள், புதுக் கொலர். ஆனால் கொலர் நுனியில் தெறித்துளை உள்ள சேட்டுக்கு இந்த வேலை சரிவராது. நிறம் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும், வெயிலில் மேல்பக்கம் வெளிறியிருந்தால் திருப்பிய கொலர் சற்றுக் கடும் நிறமாகத் தெரியும். ஒரு மணித்தியால வேலை. ஒரு சேட்டுக்கு இன்னும் சில வருட ஆயுள்.

இரண்டாவது, பழைய பட்டுச் சேலை. வருடக்கணக்காக ஒரே மடிப்பில் வைத்த சேலை அந்த மடிப்புக் கோட்டில்தான் முதலில் வெடிக்கும். சரிகை ஓடும் இடத்தில் இன்னும் வேகமாக. ஆகவே தைக்க எண்ணாதவர்களும் சில மாதத்துக்கு ஒருமுறை விரித்துக் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். தைக்கப்போகிறவர்கள் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி அதிகம் ஊடுருவும் இடம் மெலிந்த இடம். இரண்டு பெருவிரலாலும் பிடித்து மெல்ல இழுங்கள். நூல் பிரிந்தால் அந்தப் பாகம் சட்டைக்கு உதவாது, அதை ஒதுக்கிவிடுங்கள். நிலத்தில் உரசிய கீழ்க்கரையும் கொய்யகத்துக்கு ஊசி குத்திய இடமும் பெரும்பாலும் நைந்திருக்கும். இடுப்புக்குள் சுற்றிய உட்பாகமும் தலைப்பும் நன்றாக இருக்கும். பிள்ளைக்குப் பாவாடையென்றால் நையாத கரையை அப்படியே விளிம்பாக விட்டு, சுருக்கு வைத்துத் தைக்கலாம். கரையை வெட்டவே வேண்டாம்.

பழைய பட்டின் பலம் அதன் உள்ளே கொடுக்கும் லைனிங்கில் இருக்கிறது. மெல்லிய பருத்தித் துணியைத் தோய்த்துக் காயவைத்துச் சுருங்கவிட்ட பிறகே வெட்டுங்கள். பட்டையும் லைனிங்கையும் ஒன்றாகப் பிடித்துத் தைத்தால் இழுவை பருத்திக்குப் போகும், பட்டு பிழைக்கும். 9 அல்லது 11 ஆம் இலக்க ஊசி போடுங்கள். சாதாரணத் துணிக்கு 14, ஜீன்சுக்கு 16. தையலைச் சற்று நீளமாக வையுங்கள். நெருக்கமாகத் தைத்தால் நைந்த துணியில் துளைகள் வரிசையாக விழுந்து கடுதாசி கிழிவதுபோல் அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வந்த துணி பருத்தியா, பொலியெஸ்ரரா என்று தெரியாவிட்டால் விளிம்பிலிருந்து இரண்டு நூலை உருவி, கிடுக்கியில் பிடித்து எரித்துப் பாருங்கள். பருத்தி கடுதாசி மணத்தோடு எரிந்து சாம்பலாகும். பட்டும் கம்பளியும் மயிர் கருகும் மணம் தரும். பொலியெஸ்ரர் உருகிக் கடினமான மணியாகும். குழந்தைக்கும் குசினிக்கும் பருத்தி மட்டும். பொலியெஸ்ரர் பைக்கும் கட்டில் விரிப்புக்கும் ஆகும். வெளியார் பாவித்த பருத்தி உடுப்பை வெட்டுவதற்கு முன் கொதிநீரில் அவித்துத் தோய்த்து நல்ல வெயிலில் காயப்போடுங்கள். கைப்பின்னல் கம்பளிச் சட்டையை வெட்ட வேண்டாம். தையலைப் பிரித்து நூலை உருவிப் பந்தாகச் சுற்றினால் பச்சைக் குழந்தைக்குத் தொப்பியும் காலுறையும் பின்னலாம். பழைய ரீசேட்டைக் கீலங்களாக வெட்டிப் பின்னினால் கால்மிதி. எதற்கும் உதவாத பருத்தித் துண்டு விளக்குத் திரிக்கும் பந்தத்துக்கும் போகட்டும். மெசினுக்கு மெசின் எண்ணெயே விடுங்கள், தேங்காய் எண்ணெய் நாட்படத் தடித்து மெசினை இறுக்கிவிடும்.

வெட்கம் எங்கிருந்து வந்தது

இவ்வளவு தெரிந்த நாங்கள் ஏன் செய்யாமல் விட்டோம்? காரணம் வெட்கம். ஒட்டுப்போட்ட சட்டையோடு பிள்ளை பள்ளிக்கூடம் போனால் “உங்களிட்டை இல்லையே?” என்று கேட்பார்களே என்ற பயம். முகாமில் நிவாரண உடுப்புக்காக வரிசையில் நின்ற மனம், பிறர் பாவித்த உடுப்பைக் கண்டாலே சுருங்குகிறது. அந்த நோவை நான் மதிக்கிறேன். தெரிவு இல்லாமல் உடுத்தது ஒன்று. தெரிந்தெடுத்து, வெட்டி, உங்கள் கையால் அழகாக்கி உடுப்பது வேறு. முன்னதில் இருந்த தாழ்வு பின்னதில் இல்லை.

வேறு சமூகங்கள் இதை எவ்வளவு மதிப்போடு செய்தன என்று பாருங்கள். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கடுக்காக வைத்து, சேலைக் கரையிலிருந்து உருவிய நிற நூலால் ஓட்டுத்தையல் போட்டு, கந்தா என்ற போர்வை செய்தார்கள். பூவும் மீனும் தேரும் அதில் தைத்தார்கள். வீட்டுக் கந்தலில் பிறந்த அந்த வேலை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கிறது. எங்கள் நாட்டிலேயே பௌத்த துறவியின் சீவரத்தைப் பாருங்கள். முழுத் துணி கிடைத்தாலும் துண்டுகளாக வெட்டி இணைத்துத் தைப்பதே விதி. நாடே வணங்குகிற உடை ஒட்டுத்துணி உடை. இங்கிலாந்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலும் அதன் பின்னரும், 1941 யூன் தொடக்கம் 1949 மார்ச் வரை, உடுப்புக்குக் கூப்பன் இருந்தது. அரசாங்கமே பழையதைப் பொத்தி உடுக்கச் சொல்லி 1943 இல் கைநூல் அச்சிட்டு வழங்கியது. பணக்காரரும் ஏழையும் திருப்பிய கொலரோடு தெருவில் நடந்தார்கள். எல்லாரும் செய்தபோது வெட்கம் இருக்கவில்லை. டெல்லியில் 1999 இல் அன்ஷு குப்தா தொடங்கிய கூஞ்ச் என்ற அமைப்பு, நகரத்துப் பழைய உடுப்பைத் திரட்டி, பிரித்துத் தைத்துக் கிராமங்களுக்குக் கொண்டுபோகிறது. வாங்குகிறவர்கள் தங்கள் ஊருக்குக் கிணறு வெட்டியோ பாதை திருத்தியோ அதற்குரிய உழைப்பைத் தருகிறார்கள். பிச்சை என்ற எண்ணமே எழாதபடி அந்த ஏற்பாடு. அவருக்கு 2015 இல் மகசேசே விருது கிடைத்தது. கொழும்பில் லொனாலி ரொட்ரிகோ தொழிற்சாலைகளில் மிஞ்சிய துணிகளைக் கொண்டு வடிவமைத்த ஆடைகள் நல்ல விலைக்குப் போகின்றன. தையலுக்கு விலை உண்டு. முதலில் நாங்கள் மதித்தால் பிறரும் மதிப்பார்கள்.

என்ன செய்யலாம்

போருக்குப் பின் வடக்கில் கணவனை இழந்த பெண்களுக்கு வாழ்வாதார உதவி என்று ஏராளமான தையல் மெசின்கள் கொடுத்தார்கள். மெசின் வந்தது, வேலை வரவில்லை. சந்தையில் ஆயத்த ஆடை மலிவாகத் தொங்கும்போது புதுச்சட்டை தைத்து அவர்களால் போட்டியிட முடியாது. ஆகவே பல மெசின்கள் துணி மூடிக் கிடக்கின்றன. திருத்தும் வேலையோ வேறு கதை. எந்தத் தொழிற்சாலையும் உங்கள் வீட்டுச் சேட்டின் கொலரைத் திருப்பித் தராது. உங்கள் அம்மம்மாவின் கூறையைப் பேத்திக்குப் பாவாடையாக்கித் தராது. வெளிநாட்டிலிருந்து வந்த நீளக்காற்சட்டையை உங்கள் மகனின் இடுப்புக்குக் குறைத்துத் தராது. இந்த வேலைக்குப் பக்கத்து வீட்டுக் கை வேண்டும். இதில் ஒரே நாளில் யாரும் பணக்காரராகப் போவதில்லை, அப்படி ஆசை காட்ட நான் வரவில்லை. ஆனால் ஒழுங்காகச் செய்தால் வீட்டுச் செலவுக்குக் கைகொடுக்கும், இறக்குமதித் துணி வந்து அடித்துப்போக முடியாத வேலை இது.

இந்த ஊருக்கு என் வேண்டுகோள்கள் நான்கு.

ஒன்று, பாடசாலைகள். 1993 முதல் அரசு இலவசச் சீருடைத் துணி தருகிறது. ஆனால் பிள்ளை வளர்கிற வேகத்துக்கு அது போதாது. புனித திரேசாள் மகளிர் கல்லூரியிலும் மத்திய கல்லூரியிலும் சுற்றுவட்டப் பாடசாலைகளிலும் ஒவ்வொரு தவணை முடிவிலும் அளவு போதாமல்போன நல்ல சீருடைகளைச் சேர்த்து வையுங்கள். தோய்த்து, தெறி வைத்து, அயன் பண்ணி, அளவு எழுதி அடுக்குங்கள். பெயர் கேட்காமல், பதிவு எழுதாமல், வேண்டிய பிள்ளை எடுத்துப் போகட்டும். வசதியுள்ள பிள்ளையும் எடுக்கட்டும், அப்போதுதான் வசதியில்லாத பிள்ளை கூச்சப்படாது.

இரண்டு, சனசமூக நிலையங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மெசின் இரண்டைப் போட்டு, கிழிந்ததைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து தைப்போம் என்று அறிவியுங்கள். ஆண்பிள்ளைகளும் வரவேண்டும். எங்கள் சந்தைகளில் மெசினுக்கு முன்னால் இருந்த தையற்காரர்கள் ஆண்கள்தானே. தெறி வைக்கத் தெரியாத மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாதீர்கள்.

மூன்று, வெளிநாட்டில் இருக்கிற எங்கள் உறவுகள். பெட்டி கட்டும்போது ஒருமுறை யோசியுங்கள். இங்கே உடுக்க முடிகிற, அல்லது வெட்டித் தைக்க முடிகிற பருத்தியை அனுப்புங்கள். குளிர்ச்சட்டை வேண்டாம். அந்தப் பெட்டிக்குள் ஒரு நல்ல கத்தரிக்கோலும், ஊசிப் பைக்கற்றும், தரமான நூலும் வையுங்கள். அவை பத்துச் சட்டைக்குச் சமம்.

நான்கு, தாய்மாரே, உங்களுக்கு. இன்று வீட்டுக்குப் போய் அலுமாரியில் ஒரு தட்டை மட்டும் காலி பண்ணுங்கள். உடுப்பது, திருத்துவது, கொடுப்பது என்று மூன்றாகப் பிரியுங்கள். திருத்துவதில் ஒன்றை எடுத்து உங்கள் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு தையுங்கள். தைத்ததை அந்தப் பிள்ளையோடு சேர்ந்து உடுத்துக்கொண்டு கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ சந்தைக்கோ போங்கள். யாராவது கேட்டால் நாங்களே தைத்தது என்று சொல்லுங்கள். அடுத்த கலியாணத்துக்குப் புதுச் சேலை எடுக்கப் புடவைக்கடைக்குப் போவதற்கு முன், இருக்கிறதில் ஒன்றை மாற்றித் தைக்கலாமா என்று வீட்டில் ஒருதரம் கதையுங்கள். தைக்கத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள், ஊசியில் நூல் கோப்பதிலிருந்து தொடங்குவோம்.